கடைசி வண்டிதான் மூட வேண்டும்

டெல்ஃபினா டவுன்ஸ் மாட்டுப் பண்ணை,
மரத்தடியில் ஒரு மடக்கு மேசை,
ஜூலை, வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள அக்கா நரெலுக்கு, தங்கை ஜசிந்தா எழுதுவது.

இந்தப் பண்ணைக்காரர் ஹாமிஷை நீ கல்யாணம் செய்துகொள்ளலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வருவதற்காகத்தான் நீ எங்களை அனுப்பினாய் என்பது நினைவிருக்கிறது. இருந்தாலும் இல்லாததை இருப்பதாக எழுத எனக்கு வராது. பார்த்ததை எழுதுகிறேன், நீயே முடிவு செய்துகொள்.

நானும் ரஸ்ஸலும் சௌக்கியம். ரஸ்ஸலுக்கு மூக்கு நுனியில் தோல் உரிந்துவிட்டது. வண்டிக்கு வலது கதவு உள்ளே போய்விட்டது. இரண்டைப் பற்றியும் அவர் பெருமையாகவே பேசுகிறார். நீயும் உன் பூனையும், உன்னிடம் பயிற்சிக்கு வரும் நோயாளிகளின் முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ டின்னில் போட்டுக் கொடுத்த ஓட்ஸ் பிஸ்கட் இன்னும் பாதி இருக்கிறது. டின்னை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறோம், அது அங்கேதான் குலுங்காமல் உட்காருகிறது, நகர்த்தாமலே கை விட்டு எடுத்துத் தின்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இங்கே செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட எழும்புவதில்லை. பண்ணை வீட்டில் இருக்கும் ஒரே போன் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறது, அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ஒரு மனிதரை அவர் தட்டுக்கு மேலே நின்றுகொண்டு எடை போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ரஸ்ஸல் நாலு சக்கரமும் இழுக்கிற அந்தக் காட்டு வண்டியை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது என்பதும், அது இதுவரை ஏறியதிலேயே பெரிய மேடு சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் வேகத்தடைதான் என்பதும் உனக்குத் தெரியும். கூரையில் கூடாரம், பக்கவாட்டில் மண்வெட்டி, ஆற்றில் இறங்கினால் இன்ஜின் மூச்சு விட நீண்ட குழாய், முன்னால் இழுவை வடம், இரண்டு உபரிச் சக்கரங்கள், ஒரு ஃபிரிட்ஜ். இத்தனையையும் கட்டிக்கொண்டு கிளம்பி, தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கிய இடத்தில் மனிதர் வண்டியை நிறுத்தி இறங்கி, டயரில் காற்றைக் குறைத்துவிட்டு, "ஜசிந்தா, இனிமேதான் பயணம்" என்றார். இனிமேல்தான் பயணம் என்றால் இவ்வளவு தூரம் எதற்கு வந்தோம் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் மாவு போன்ற புழுதிக் குழியில் அச்சு வரை இறங்கினோம். வடத்தைக் கட்ட மரம் தேடினோம், அந்தச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய வரை மரம் என்று ஒன்று இல்லை. மூன்று பெட்டி கோர்த்த மாட்டு லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "என்னண்ணே, கடையில இருந்து இப்பத்தான் எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை நன்றிகூட வாங்காமல் இழுத்துவிட்டுப் போய்விட்டான். ரேடியோவில் உதவி கேட்டிருக்கலாமே என்றேன். "இந்தப் பக்கம் யாருமே ரேடியோல பேசறதில்ல, வந்ததுலேர்ந்து ஒரு குரல்கூட வரல" என்றார் ரஸ்ஸல்.

தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாகத்தான் ஹாமிஷிடம் சொன்னோம். வழி தவறினாலொழிய இந்தப் பக்கம் யாரும் தற்செயலாக வர முடியாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "டீ சாப்பிடுங்க" என்றார். அன்று முழுவதும் அவர் பேசியதில் நீளமான வாக்கியம் அதுதான். போனில் உன்னிடம் அவர் கல்யாணம் கேட்ட விதம், 'வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்குது' என்று சொன்னது, எனக்கு இப்போது அவ்வளவு சுருக்கமாகத் தோன்றவில்லை. அவர் அளவுக்கு அது ஒரு மேடைப் பேச்சு.

நீ கிளம்பும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ யாரையும் நம்ப மாட்டே, அதான் உன்னை அனுப்பறேன். நல்லா இருக்கறப்ப ட்ரெவரும் நல்லாத்தான்டி இருந்தார். கோபம் வந்தா இவர் எப்படி, அதைப் பாத்துட்டு வா." தட்டை எறிந்துவிட்டு மறுநாள் பூங்கொத்தோடு வந்து நின்ற ஒருவரோடு அத்தனை வருஷம் இருந்தவள் நீ, கேட்க உனக்கு உரிமை உண்டு. அதனால் நான் காத்திருந்தேன். காளை ஒன்று அவர் கால் மேல் ஏறி நின்றது. அவர் அதன் தோளைத் தட்டி, "நகருப்பா" என்றார். ரஸ்ஸல் அவரிடம் மாட்டு இனங்களைப் பற்றி வெகு நேரம் விளக்கினார், அவர் கேட்டுக்கொண்டார். எனக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. கூடாரத்துக்குத் திரும்பும்போது வண்டியில் ரஸ்ஸலிடம் சொன்னேன்: "மனுஷன் இவ்வளவு நல்லவரா இருக்க முடியாது. எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கார்."

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமலே புரிந்துகொள்கிற ஒரு குணம் அவரிடம் இருக்கிறது. படித்தவர்களிடம்கூட நான் இதைப் பார்த்ததில்லை. முதல் நாள் அவருடைய சாப்பாட்டு மேசை நடுவில், உப்பு ஜாடிக்கும் சர்க்கரைப்பாகு டப்பாவுக்கும் இடையே, எண்ணெய் சொட்டும் ஒரு இன்ஜின் பாகம் உட்கார்ந்திருந்தது. முகத்தில்கூட நான் ஒன்றும் காட்டவில்லை. மறுநாள் போனால் அது இல்லை. மேசை மேல் விரிப்பு! அந்த வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லையே என்று எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. அதற்கடுத்த நாள் வராந்தாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். எப்படிப் போகிறது என்று கேட்டேன். "மெதுவாத்தான் போகுது" என்றார். அவருடைய தொப்பி, அதை நீ பார்த்திருப்பாய், நாய் பெற்றுப் போட்டது போல இருக்கும். அதுவும் மாறி, அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல விறைப்பான ஒன்று தலையில் ஏறியது. மாடு ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தலைவி மர்லீன் என்கிற பெண். இந்த மண்ணில் எங்கள் எல்லோருக்கும் வெகு காலம் முன்பிருந்தே இருக்கிற சனத்தைச் சேர்ந்தவள். சிரித்தால் மாடுகள் திரும்பிப் பார்க்கும். "என்ன பெரியவரே, யாருக்குக் கல்யாணம்?" என்று அவள் கேட்டதும் அவர் காது இரண்டும் சிவந்தன. ஒரு பெண்ணின் மனதில் ஓடுவதை இப்படி எட்டத்தில் இருந்தே படிக்கிற ஆண், அக்கா, நம் குடும்பத்தில் இதுவரை வந்ததில்லை.

இப்போது கேட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தி சாய்வதற்குள் தூரத்து மடுவுக்குக் கூடாரத்தை மாற்றினால் பறவைகள் நிறையப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். மர்லீன் தன் பழைய வண்டியில் முன்னால் போய் வழி காட்டினாள். ஒவ்வொரு வேலியிலும் அவளே இறங்கித் திறந்து, எங்களை உள்ளே விட்டு, மூடினாள். கடைசி வேலிக்கு முன்னால் ரஸ்ஸல் மணலைப் பார்த்துவிட்டு டயர் காற்றைக் குறைக்க நின்றுவிட்டார். அன்றிரவு மடுவுக்கு அப்பால் ஆட்களோடு தங்கப் போன அவள் புழுதி தூரத்தில் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் அகலத் திறந்து கிடந்தது. இறங்கிப் பார்த்தோம். கம்பத்தில் ஒரு தகரப் பலகை, அதில் பெரிய வெள்ளை எழுத்தில்: 'கேட்டை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடவும்.' ரஸ்ஸல் மட்டும், "மூடணுமோ?" என்று இழுத்தார். "எழுதியிருக்கே, படிக்கத் தெரியலையா? நாம பாக்கறப்ப திறந்திருந்தது. திறந்தே இருக்கட்டும். தண்ணிக்கு மாடு போற வழியா இருந்தா? பட்டணத்து ஆளுங்க வந்து மூடிட்டுப் போறதாலதான் இங்க மாடு சாகுதாம்" என்றேன் நான். இரண்டு பேரும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வண்டியில் ஏறினோம்.

இந்தப் பக்கங்களில் இரண்டு வண்டி சேர்ந்து போனால் முன்வண்டி திறந்து வைத்துவிட்டுப் போகும், பின்வண்டி மூடிவிட்டு வரும். கடைசி வண்டிதான் மூட வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதை யாரும் பலகையில் எழுதவில்லை.

இன்று காலையில் நான் கண்ட காட்சி இதுதான். வேலிக்கு இந்தப் பக்கம் ஓய்வுக்கு விட்டிருந்த பொலிகாளைகள் அத்தனையும் அந்தப் பக்கம் இருந்தன. அந்தப் பக்கம் இருந்தவை இன்னும் முழுதாக வளராத கிடேரிக் கன்றுகள். இடுப்பு எலும்பு இன்னும் விரியாத அவை இப்போது சினை பிடித்தால், அடுத்த வருஷம் ஈனும்போது கன்றும் போகும், தாயும் போகும். நான் மருந்துக்கடைக்காரி, யாரும் எனக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹாமிஷின் வண்டி வந்தது. இறங்கினார். பார்த்தார். காளைகளைப் பார்த்தார், கிடேரிகளைப் பார்த்தார். இதோ, அக்கா கேட்டது வரப்போகிறது என்று நினைத்தேன். அதை நாமே வரவழைத்திருக்க வேண்டாம் என்றும் நினைத்தேன்.

"கேட் திறந்திருக்கு" என்றார்.

"நாங்கதான். பலகையில..." என்று ரஸ்ஸல் தொடங்கினார்.

"டீ இருக்கா?" என்றார் ஹாமிஷ். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பெரிய தண்ணீர் டாங்கியை நோக்கி நடந்தார். அதன் பக்கவாட்டில் இருந்த ஓட்டைக்குள் குனிந்து போனார். அடுத்த கணம், அக்கா, மரத்தில் இருந்த வெள்ளைக் கிளிகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. காலி டாங்கிக்குள் ஒரு ஆள் கத்தினால் அது கோயில் மணிக்குள் இருந்து கத்துவது போல என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எந்த முட்டாள்டா அந்தப் பலகைய எழுதினவன்! எப்படிப் பாத்தீங்களோ அப்படியே விடணுமாம்! பின்னால ஒரு வண்டி வருமேன்னு யோசிச்சியாடா, மடையா? அவங்க படிச்சவங்க, எழுதியிருந்ததைச் செஞ்சாங்க! நீ என்னத்தைடா எழுதினே? ஆயுசு பூரா மாடு மேய்க்கிறியாம், ஒரு வரி உருப்படியா எழுதத் துப்பு இல்ல!"

இன்னும் நிறைய வந்தது; அவற்றைத் தபாலில் அனுப்ப முடியாது. நான் மர்லீனைப் பார்த்தேன். அவள் ஒரு மரக்கட்டையில் சாவகாசமாக உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"பலகை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"அவருதான். யாரு பின்ன?"

"கோபம் வந்தா எப்பவும் இப்படியா?"

"எப்பவும். உள்ள போனா வெளிய கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. சொல்லிறாதீங்க யக்கா, வேற எடம் பாத்துக்குவாரு. எங்களுக்கும் பொழுது போகணுமில்ல?"

"மத்தவங்களைத் திட்ட மாட்டாரா?"

மர்லீன் இன்னொரு பிஸ்கட்டை நனைத்தாள். "ஒரு தடவை மந்திரி ஒருத்தரைத் திட்டினாரு. மத்தபடி எல்லாம் தன்னைத்தான்."

டாங்கியிலிருந்து வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்டது: "டீ ஆறிப்போச்சா?" ஆறவில்லை. அவர் வெளியே வருவதைப் பார்த்ததுமே சூடாக மறுபடி ஊற்றி வைத்திருந்தேன்.

அப்புறம் நாள் முழுக்க மாடு பிரித்தோம். நாங்கள் என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம், ஹாமிஷ் ரஸ்ஸலிடம், "தம்பி, உங்க வண்டிக்கு வேலை வந்திருக்கு" என்று சொன்னதுதான். ஓடைக் கரைக்கும் வேலிக்கும் நடுவே உள்ள இடைவெளியை எங்கள் வண்டியால் அடைக்க வேண்டும். "ரேடியோவ நம்பாதீங்க, என் தொப்பியப் பாத்துக்கிட்டே இருங்க. இடது பக்கம் ஆட்டினா முன்னால வாங்க" என்றார். ரஸ்ஸல் பிறவிப் பயனை அடைந்தார். ஒரு காளை வந்து வலது கதவில் சாய்ந்து எங்களை நிதானமாகப் பார்த்தது. கதவு உள்ளே போயிற்று, ரஸ்ஸல் அசையவில்லை. "என்னை நகத்த முடியுமா உன்னால?" என்று கண்ணாடி வழியாக அவர் காளையிடம் கேட்டபோது, இத்தனை வருஷம் இவரோடு வாழ்ந்ததில் நான் பார்க்காத ஒருவரைப் பார்த்தேன். குதிரையில் மர்லீன் திரும்பிய திருப்பங்களை எழுத எனக்குச் சொல் போதாது. மாடு நினைப்பதற்கு முன்பே அவள் அங்கே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் காளைகள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. "அதுக்குள்ள சினை பிடிச்சது ஒண்ணு ரெண்டு இருக்குமே?" என்று ஹாமிஷிடம் கேட்டேன். "இருக்கும். ஊசி போட மாட்டு டாக்டரை வரச் சொல்லியிருக்கேன். அப்பவும் தங்கிருச்சுன்னா, ஈனுறப்ப நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார். எல்லோரும் சாம்பலில் சுட்ட ரொட்டியை உப்புக்கறியோடு தின்றோம். ரஸ்ஸலின் கதவைத் தடவிப் பார்க்க ஆட்கள் வரிசையில் வந்தார்கள்.

ஆகவே அக்கா, என் யோசனை இது. ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார், அதனாலேயே அவசரப்படாதே. கிறிஸ்துமஸ் வரை பொறு. ஒரு வாரத்தில் எந்த மனிதரையும் அறிய முடியாது. பண்ணை வேலையை விட்டுவிட்டு மழைக்கு முன் அவரால் எங்கும் நகர முடியாது, அதனால் உனக்கு நெருக்கடியும் இல்லை. நாங்கள் எதற்கு வந்தோம் என்று அவருக்கு ஒரு சிறு சந்தேகம்கூடக் கிடையாது. அந்த அளவுக்கு ஜாக்கிரதையாக நடந்துகொண்டோம்.

உன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், பூனை வீடு திரும்பட்டும், நீ எந்த முடிவு எடுத்தாலும் அதற்குப் பிறகு உனக்கு நல்ல உறக்கம் வரட்டும். ரஸ்ஸல் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், கதவின் புகைப்படம் பின்னால் வருகிறது.

அன்பும் அவநம்பிக்கையும் மாறாத தங்கை,
ஜசிந்தா

பின்குறிப்பு: சனிக்கிழமை, நெடுஞ்சாலை டீசல் பங்க். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடு. இன்று காலை கிளம்புவதற்காக ரஸ்ஸல் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். வழியனுப்ப வந்த மர்லீன், கடைசியாக ஒரு பிஸ்கட் வேண்டும் என்று உள்ளே கை விட்டு உன் டின்னைத் தூக்கினாள். தூக்கிய அந்தக் கணம், ஒரு வாரமாக ஊமையாக இருந்த எங்கள் ரேடியோ வாயைத் திறந்தது.

"என்னடா இது, நாடகம் பாதியில நின்னுபோச்சு?" என்றது ஒரு ஆண் குரல்.

"அக்காவுக்கு என்ன எழுதினாங்கன்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்கப்பா" என்றது ஒரு பெண் குரல். அந்த அம்மாள் பக்கத்துப் பண்ணையாம். பக்கம் என்றால் அரை நாள் பயணம்.

உன் டின், அக்கா, பேசும் குமிழை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்திருக்கிறது. அது அமுங்கியிருக்கும் வரை நம் பேச்சு வெளியே போகும், அடுத்தவர் குரல் உள்ளே வராது. வண்டிக்குள் நானும் ரஸ்ஸலும் பேசியது எல்லாம், மேசை மேல் இன்ஜின், வீட்டில் புத்தகம் இல்லாதது, நாய் பெற்ற தொப்பி, எல்லாமே இந்த வட்டாரம் முழுக்க ஒலிபரப்பாகியிருக்கிறது.

"கேட்டாண்ட மட்டும் இறங்கிப் போய்ப் பேசித் தொலைச்சீங்களே! வண்டிக்குள்ளயே சண்டை போட்டிருந்தா நான் வந்து மூடியிருப்பேன், ஒரு நாள் வேலை மிச்சம்" என்றாள் மர்லீன்.

"அவரும் கேட்டாரா?"

"முதல் நாளே கேட்டாரு. தொப்பியக் கழட்டி உத்துப் பாத்துட்டு, 'உண்மைதான்'னாரு."

அவரே வந்துவிட்டார். மழுங்கச் சவரம், அந்த விறைப்பான தொப்பி, கையில் ஒரு பை. "உங்கக்காவப் பாக்க துவூம்பாவுக்குப் போறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுக்கச் சொல்லப் போறதா வண்டில சொன்னீங்க. சரிதான். ஆனா போன்ல கேட்டது தப்பு. நேர்ல கேட்டுட்டுப் பொறுக்கறேன்" என்றார். அவர் இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லையாம். மர்லீனே வாயைப் பிளந்தாள்.

நான் விடவில்லை. "நேத்து எங்ககிட்ட கோபப்படாம இருந்தது, நான் பாத்துக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சதாலதானே?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பாதி" என்றார்.

"மீதி?"

"டீ நல்லா இருந்தது."

"போய்ட்டு வாங்க பெரியவரே. மாட்டை நான் பாத்துக்கறேன். டாங்கியையும் பாத்துக்கறேன்" என்றாள் மர்லீன், என்னைப் பார்க்காமல். பிறகு ஆட்களிடம், "ஒதுங்குங்கடா, பெரியவரோட கொழுந்தியாவுக்கு வழி விடுங்க" என்றாள்.

ஆக, மேசை விரிப்பு, கலைக்களஞ்சியம், தொப்பி மூன்றும் சாட்சியிலிருந்து நீக்கப்படுகின்றன. சொல்லாமலே புரிந்துகொள்கிறவர் என்று எழுதியதையும் அடித்துவிடு, சொல்லித்தான் புரிந்துகொண்டார். மிஞ்சுவது டாங்கி ஒன்றுதான். அது வெளியே கேட்பது மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்லிவிடாதே. இங்கே டீசல் போட்டுக்கொண்டு நிற்கிறார், இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுக்கிறேன். பசை வைத்து நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

இன்று காலை நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவர் முன்னால் போனார், நாங்கள் பின்னால். வழியில் ரஸ்ஸல் கதவை வேறொரு கோணத்தில் படம் எடுக்க நின்றார். அவருடைய புழுதி தூரத்தில் கரைந்துவிட்டது. அந்தக் கடைசி வேலிக்கு வந்தோம். இந்தப் பக்கம் காளைகள் தலை தூக்கி எங்களைப் பார்த்தன. அந்தப் பக்கம் கிடேரிகள். பலகை அப்படியே இருந்தது, ஒரு எழுத்தும் மாறவில்லை. கேட் அகலத் திறந்திருந்தது. காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லை.

ரஸ்ஸல் என்னைப் பார்த்தார். நான் இறங்கினேன். மூடினேன். சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினேன்.